குதிரைத்தோலும் ஒரு மச்சானும்

தெருவில் அவருக்குப் பைலட் என்று பெயர். விமானத்தில் ஏறியவர் இல்லை. ஏணியில் மூன்றாவது படியைத் தாண்டினாலே கண்ணை இறுக மூடிக்கொள்வார். பரண்மேல் கிடக்கும் தோல் சுருளை இறக்க வேண்டுமென்றால் மனைவிதான் ஏற வேண்டும். இவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, பத்திரம் பத்திரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு அந்தப் பெயர் வந்தது தொழிலால். பழைய யுத்தத்தில் விமானிகள் போட்டுக்கொண்டு பறந்த தோல் ஜாக்கெட்டுகளை, அன்றைக்கு எப்படித் தைத்தார்களோ அப்படியே இன்றைக்கும் தானே வெட்டித் தைத்துக் கொடுப்பார். அசல் ஜாக்கெட்டுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன; தொட்டால் உதிரும். ஆசைப்பட்டவர்கள் போட்டுக்கொண்டு திரிய இவரிடம்தான் வர வேண்டும்.

'அப்படியே' என்பதில் அவர் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. குதிரைத்தோல்தான். முதுகு ஒரே துண்டாக வர வேண்டும். நூல் பருத்திதான்; நைலான் நூல் என்று யாராவது வாயெடுத்தால் கெட்ட வார்த்தை கேட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோலில் ஊசி ஒருதரம் இறங்கினால் இறங்கியதுதான். துணி மாதிரி பிரித்துத் தைக்க முடியாது, ஓட்டை அப்படியே நின்று காட்டிக்கொடுக்கும். அதனால் பசை தடவி, கிளிப் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மெஷினை மிதிப்பார். உள்துணிக்குத் தேயிலைத் தண்ணீரில் சாயம். பக்கவாட்டில் கைவிட்டுக்கொள்ளப் பை கிடையாது. பையில் கைவிட்டுக்கொண்டு நிற்கிறவன் வீரனாகத் தெரிய மாட்டான் என்று அந்தக் காலத்து அதிகாரிகள் நினைத்தார்களாம். அன்றைய தொழிற்சாலை அவசரத்தில் காலர் முனை கொஞ்சம் கோணலாகப் போயிருந்தால், இவர் அந்தக் கோணலை அளவெடுத்து, நிதானமாக, அதே கோணலில் தைப்பார்.

"செத்துப்போன தையல்காரங்க செஞ்ச தப்பைக்கூட விடாம செய்வாரு. உயிரோட இருக்கிற நான் சொல்ற ஒரு சரியைக் கேட்க மாட்டாரு" என்பது மனைவியின் தீர்ப்பு. கைமுனையிலும் இடுப்பிலும் வருகிற கம்பளிப் பட்டைகளைப் பின்னுவது அவள்தான். பின்னிக்கொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே பின்னுவாள். இரண்டிலும் ஒரு கண்ணி தப்பாது.

இத்தனை செய்தும் ஒரு குறை தீராமலே இருந்தது. ஜாக்கெட் புதிதாக இருந்தது. வருகிறவர்களுக்கோ யுத்தம் பார்த்த ஜாக்கெட் வேண்டும். பைலட் உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தார். கூழாங்கல்லோடு பீப்பாயில் போட்டு உருட்டினார். வெயிலில் காயவைத்தார், மழையில் நனையவைத்தார். கடைசியில் பக்கத்து வீட்டு வேன்காரரிடம் கொடுத்து அதன்மேல் வேனை ஏற்றச் சொன்னார். வெகுநாளாக மனதில் ஏதோ வைத்திருந்தவர்போல அவரும் முன்னும் பின்னுமாக ஆசைதீர ஏற்றினார். என்ன செய்தும் ஜாக்கெட் பழசாகவில்லை, அடிபட்டதாக மட்டும் ஆனது. விவரம் தெரிந்தவர்கள் தூரத்திலேயே பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. வேலை பார்த்த கைக்கடிகாரக் கடையை மூடிவிட்டார்கள், வேறு இடம் கிடைக்கும்வரை நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தான். நாலு நாள் நாலு மாதமாகி, மாதம் வருஷமாகி, அவன் காதோரம் நரைக்கவும் தொடங்கிவிட்டது. போய்க் கேட்காத கடையில்லை. கடிகாரம் பழுதுபார்க்கத் தெரிந்தவன் யாருக்கும் தேவைப்படவில்லை. பிறகு கேட்பதையும் விட்டுவிட்டான். பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை, அதில் ஸ்பிரிங் போன ஒரு சோபா. இடது கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு அதில் சாய்ந்து டிவி பார்ப்பதுதான் அவன் உத்தியோகம்.

வந்த வருஷம் குளிருக்கு, ஆணியில் தொங்கிய புது ஜாக்கெட் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு சாய்ந்தான். பைலட் காட்டுக் கத்தலாகக் கத்தினார். மறுநாளும் மாட்டிக்கொண்டான். கத்திக் கத்தி இவருக்குத் தொண்டை கட்டியதே தவிர அவன் கழற்றவில்லை. குளிர் விட்டபிறகு பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் வாயடைத்துப் போனார். முழங்கை மடிப்பில் நெளிநெளியாக நிஜச் சுருக்கம். முதுகின் மேல்பாதியில் மட்டும் ஒரு மினுமினுப்பு. காலர் கழுத்துக்குத் தகுந்தபடி வளைந்து நின்றது. உப்புத்தாளும் கூழாங்கல்லும் வேனும் செய்யாததை ஒரு சோம்பேறி சாய்ந்தே செய்து முடித்திருந்தான்.

மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பார்கள். மலையேற வேண்டிய அவசியமே இல்லாமல் பைலட் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தைத்து முடிந்த ஒவ்வொரு ஜாக்கெட்டும் மச்சான் மேல் ஏறியது. தோல் பதமானதும் இறங்கியது. அடுத்தது ஏறியது. அதற்காக அவனைத் திட்டுவதை அவர் நிறுத்திவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. தண்டச்சோறு, பூமிக்குப் பாரம், சோபாவுக்கும் பாரம் என்று காலையில் மெஷினுக்கு எண்ணெய் விடும்போது ஆரம்பித்தால், மெஷினும் வாயும் சேர்ந்தே சூடாகும். தெருவில் யார் வந்து நின்றாலும் அதே பாட்டு. எருமைமாட்டின் மேல் மழை பெய்ததுபோல மச்சான் கேட்டுக்கொண்டிருப்பான். தன் பிழைப்புக்கும் அவன் சாய்வுக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாக இவருக்குத் தோன்றவே இல்லை. நிஜமாகவே தோன்றவில்லை, அதுதான் விசேஷம்.

வாடிக்கையாளர்களில் பெரிய மனிதர் கர்னல். ராணுவத்தில் இருந்தவர் அல்ல. குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் முதலாளி. மீசையும் நடையும் பார்த்து யாரோ கர்னல் என்று கூப்பிட, அவரும் மறுக்காமல் விட்டுவிட்டார். பழைய ராணுவப் பொருள்களைச் சேர்க்கிறவர்களின் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய கார் சத்தம் கேட்டதும் பைலட், "கழட்டுடா, கழட்டு" என்று பதறுவார். மச்சான் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சட்டையோடு சமையலறைப் பக்கம் போய்விடுவான். கர்னல் வந்து, சூடு ஆறாத ஜாக்கெட்டைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்கத் தொடங்குவார். ஆமாம், படிப்பார்.

"இடது முழங்கை பாருங்க. நாள் முழுக்க மடக்கியே வெச்சிருக்கான். அந்தப் பக்கம்தான் இன்ஜினைக் கூட்டிக் குறைக்கிற பிடி. பனியில, மேகத்துக்கு நடுவுல, விடாம பிடிச்சிருக்கான்யா!"

நாள் முழுக்க அந்த முழங்கை தாங்கியது மச்சானின் கன்னத்தை. பைலட் தலையைக் குனிந்துகொள்வார்.

"எப்படிங்க இதெல்லாம்? பறக்காத மனுஷன் நீங்க!"

"எல்லாம் கைப்பதம்தாங்க" என்பார் பைலட். அடக்கமாகத்தான் சொல்வார். அந்த அடக்கத்தைப் பார்த்துக் கர்னலுக்கு மரியாதை இன்னும் கூடும்.

ஒரு வருஷம் சங்கத்துக் கண்காட்சிக்குக் கர்னல் ஒரு ஜாக்கெட் கேட்டார். அசலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியக் கூடாது என்றார். பைலட்டுக்குத் தூக்கம் போயிற்று. இருந்ததிலேயே நல்ல தோலை எடுத்து, வெட்டுவதற்கு முன் நாள்கணக்காக அதைத் தடவித் தடவிப் பார்த்து, ஒரு தையல் பிசகாமல் முடித்து, மச்சானைத் தேடிப் போய்த் தன் கையாலேயே மாட்டிவிட்டார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பக்குவமாக யாரும் மாட்டிவிட மாட்டார்கள். மாட்டிவிட்டு, "உட்காரு, போ. வேற என்ன தெரியும் உனக்கு" என்று ஒரு குட்டும் வைத்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தோல் பாதி பதம் ஏறியிருந்த சமயத்தில், சாப்பாட்டு மேசையில் மச்சான் தட்டைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

"கர்னல் சாரோட கிடங்குல சரக்குக் கணக்குப் பார்க்க ஆள் எடுக்கிறாங்களாம் அக்கா. போன தரம் ஜாக்கெட் கொண்டுபோய்க் குடுத்தப்ப கேள்விப்பட்டேன். எழுதிப் போட்டிருக்கேன்."

அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "நீயாவா? நீயாவாடா எழுதிப் போட்டே?"

"எனக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை வேணும்க்கா. வேலைக்குப் போறவனுக்குத்தானே அது இருக்கு. எனக்கு எல்லா நாளும் ஒண்ணாவே இருக்கு."

அவள் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் தம்பி தட்டில் மேலும் மேலும் வைத்துக்கொண்டே போனாள். பைலட் தண்ணீர் குடித்தார். இத்தனை வருஷமாக எந்த வார்த்தையைக் கேட்பதற்காகக் கத்தினாரோ, அது காதில் விழுந்ததும் அவர் நினைத்தது ஒன்றே ஒன்றைத்தான்: முதுகு இன்னும் மினுமினுக்க ஆரம்பிக்கவில்லையே.

"இப்ப என்ன அவசரம்?" என்றார். "குளிர்ல போய் நிக்கணும். உடம்பு தாங்குமா உனக்கு? கொஞ்ச நாள் போகட்டும், நானே நல்ல இடமா பார்க்கறேன்."

மனைவி திரும்பிப் பார்த்தாள். அவன் உடம்பைப் பற்றி இவர் கவலைப்பட்டு அவள் கேட்டதே இல்லை.

இரண்டு மூன்று நாளில் கர்னல் போனில் கூப்பிட்டார். "உங்க மச்சான் நம்ம கிடங்குல வேலை கேட்டிருக்கார். முகம் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல வெச்சிருக்கிறவர் நீங்க. ஆள் எப்படி, சொல்லுங்க. உங்க வார்த்தைதான் எனக்கு."

பைலட் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். பின்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் குழி பறிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பொய்யாக ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருவில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொன்னதை இவரிடமும் சொன்னால் போதும்.

"உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டான்" என்றார். "என் மனைவியோட தம்பிதான், அதுக்காக உங்ககிட்ட மறைக்கலாமா?"

"நீங்க யோக்கியருங்க" என்றார் கர்னல். போனை வைத்தபிறகு பைலட்டுக்குத் தன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. சொந்தம் பார்க்காமல் உண்மை பேசுகிறவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இடம் காலியில்லை என்று கிடங்கிலிருந்து பதில் வந்தது. அக்கா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மச்சான் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வழக்கம்போலச் சோபாவில் போய் உட்கார்ந்தான். பைலட் நிம்மதியாக மூச்சுவிட்டார். தோலுக்கு இனி ஆபத்தில்லை.

ஆனால் சோபாவில் இருந்தது பழைய மச்சான் இல்லை. விளிம்பில் உட்கார்ந்தான். முதுகு சாய்மானத்தில் படவில்லை. கைகளை முழங்காலின் மேல் நீட்டி வைத்துக்கொண்டான். போன் அடித்தால் பாதி எழுந்து, தனக்கில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்தான். இனிமேலாவது கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தான் போல. சோம்பல் என்பது சும்மா வருவதில்லை, அதற்கும் ஒரு மன நிம்மதி வேண்டும் என்பது பைலட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? தினமும் ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார். இடது முழங்கைச் சுருக்கம் வந்ததோடு நின்றுவிட்டது. முதுகு மந்தமாகவே கிடந்தது. கைகளில் நீளவாக்கில் என்னவோ புதுக் கோடுகள் விழுந்துகொண்டிருந்தன.

"கொஞ்சம் சாயேன்டா" என்றார் ஒருநாள், தன் வாயால்.

"சாய வரமாட்டேங்குது அத்தான்" என்றான் அவன், மன்னிப்புக் கேட்கிறவன்போல. "முயற்சி பண்றேன்."

கண்காட்சி நெருங்கியதும் கர்னல் வந்துவிட்டார். இந்த முறை பைலட் பதறியதில் சத்தமே வெளியே வரவில்லை. ஜாக்கெட்டை மச்சானே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனான். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பட்டை பின்னிக்கொண்டிருந்தாள். கர்னல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நல்ல மனநிலையில் பேச்சைத் தொடங்கினார்.

"அன்னிக்கு நீங்க சொன்னது நல்லதாப் போச்சுங்க. உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டான்னு நீங்க சொல்லலைன்னா நான் அவரை எடுத்திருப்பேன். வேற ஆள்தான் கிடைக்காம இழுத்துக்கிட்டே இருக்கு."

பின்னல் ஊசிகள் நின்றன. மச்சான் அப்போதுதான் டீ எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்திருந்தான். மூன்று டம்ளரையும் மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தான்.

"அத்தான் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லைங்க சார்" என்றான். சிரிக்கவும் செய்தான். அக்கா யாரையும் பார்க்காமல் மடியிலிருந்த கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கர்னல் இதொன்றையும் கவனிக்கவில்லை. ஜாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டால் அவர் எதையும் கவனிக்க மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முதுகைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், மறுபடி முதுகைப் பார்த்தார். போயிற்று, உதட்டைப் பிதுக்கப் போகிறார் என்று பைலட் காத்திருந்தார்.

"இது வேற மாதிரி இருக்கே" என்றார் கர்னல், மெதுவாக. "இவன் பறக்கவே இல்லைங்க. பாருங்க, முதுகு எங்கேயும் படலை. கை ரெண்டும் முழங்கால்மேல. போட்டுக்கிட்டுத் தயாரா உட்கார்ந்திருக்கான். எப்ப கூப்பிடுவாங்க, எப்ப கூப்பிடுவாங்கன்னு விளிம்புலயே உட்கார்ந்திருக்கான்." ஜாக்கெட்டின் கையைத் தடவிக்கொடுத்தார். "பாவம்யா. இவனைக் கூப்பிடவே இல்லை போல."

வாழ்க்கையில் முதல்முறையாகக் கர்னல் ஒரு ஜாக்கெட்டைச் சரியாகப் படித்திருந்தார்.

"எப்படிங்க இதை யோசிச்சீங்க? சண்டைக்குப் போனவனை யாரும் செஞ்சுடலாம். போகக் கூப்பிடாதவனை யார் செய்வாங்க? கண்காட்சியில இதைப் பார்த்து அழப் போறாங்க பாருங்க!"

எல்லாம் கைப்பதம்தாங்க என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. பைலட் வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை. காலி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மச்சான் அங்கேயே நின்றிருந்தான்.

"நான் யோசிக்கலைங்க" என்றார் பைலட். "இவன்தான் அது. எல்லா ஜாக்கெட்டும் இவன்தான். அந்த முழங்கை, அந்த முதுகு, நீங்க பார்த்துப் பார்த்துச் சொன்னது எல்லாமே இவன் போட்டு உழைச்சது. இவனைக் கூப்பிடாதது நீங்க. கூப்பிட விடாதது நான்."

கர்னல் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மேகம், பனி, இன்ஜின் பிடி என்று இத்தனை வருஷம் தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் அப்படிச் சிவந்தது. ஜாக்கெட்டை மேசைமேல் போட்டார். கதவுவரை போனவர் திரும்பி, பைலட்டைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த ஆளை வெச்சுத்தானே என்னை முட்டாளாக்கினீங்க? இனி இவர் உங்க வீட்டுல உட்கார மாட்டார்." பிறகு மச்சான் பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலையில கிடங்குக்கு வந்துடுங்க" என்றார்.

உலகத்தில் பழிவாங்குவதற்காக ஒருவருக்கு வேலை கொடுத்த ஒரே ஆள் கர்னலாகத்தான் இருக்கும். கதவு சாத்தியதும் அக்கா தம்பியைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஆறிப்போன கணவனின் டீயை எடுத்துப் போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தாள்.

மச்சான் வேலைக்குப் போகிறான். கிடங்கில் கொடுத்த பஞ்சு வைத்த நைலான் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையை அதன் பைக்குள் விட்டுக்கொண்டு, தெருவில் நடந்து போகிறான். கர்னல் அதன்பிறகு வரவில்லை. சங்கத்துக்காரர்களுக்கும் செய்தி போய்விட்டது. சிலர் நின்றுவிட்டார்கள், சிலர் எங்களுக்கும் அந்த மச்சான் போட்டதுதான் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அவன் இல்லை என்றதும், நீங்களே போட்டுப் பதப்படுத்திக் கொடுங்கள் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் பைலட் தன் கையால் தைத்த ஜாக்கெட்டை முதல்முறையாகத் தானே மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். புதுக் குதிரைத்தோல் எப்படியிருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? வெட்டத் தெரியும், தைக்கத் தெரியும். மாட்டிக்கொண்டால் தகரத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பது தெரியாது. கையை மடக்கினால் மடங்கவில்லை. காலர் கழுத்தை அறுத்தது. ஒரு வாரத்தில் இரண்டு அக்குளும் தோல் உரிந்து, மெஷின் சக்கரத்தைத் தொடக்கூடக் கை தூக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மச்சான் வந்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்தான். அத்தான் கைகளை உடம்பில் ஒட்டாமல் அகட்டி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

"குளிச்சதும் தடவிக்கோங்க, அத்தான். எரியும். ஒவ்வொரு புதுசுக்கும் எரியும்."

"நீ ஒருநாளும் சொல்லலையேடா."

"சோத்தைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கிறவன் எரியுதுன்னு எப்படிச் சொல்றது?" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. "ஆனா ரெண்டு மூணு மாசத்துல தோல் இளகிடும். அப்புறம் சும்மா சொல்லக் கூடாது, பட்டு மாதிரி இருக்கும், கழட்டவே மனசு வராது. அப்பத்தான் நீங்க வந்து கழட்டிக் குடுன்னு கேட்பீங்க."